எலும்புக்குத் தெரிந்த மாதம்

என் இடது கை அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கை என்றால் கையின் படம். கை இங்கேதான் என் மடியில் ஷாலின் நுனியைத் திருகிக்கொண்டு கிடக்கிறது, ஆனாலும் எதையோ அங்கே வைத்துவிட்டு வந்த மாதிரியே இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்த அண்ணன் உள்ளங்கையைப் பலகையில் வை, விரலை விரி, அசையாதே என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. வலிக்கும் என்று நினைத்தேனா, சுடும் என்று நினைத்தேனா தெரியவில்லை, ஒன்றுமே ஆகாதது ஏமாற்றமாக இருந்தது. வந்தது காலுக்கு, காலோடு கையையும் எடுத்தார்கள். அப்பா காலையிலிருந்து கண்ணில் பட்ட எல்லாரிடமும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், கால் கோணலுக்குக் கையை எதுக்குங்க படம் எடுக்கணும் என்று. டாக்டர் எஸ்தர்தான் பொறுமையாகச் சொன்னார். கையில் சின்னச் சின்ன எலும்பு நிறைய இருக்கிறது, அதன் நுனிகளில் மெல்லிய இடைவெளி இருக்கும், பிள்ளை வளர வளர அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும், எது மூடிவிட்டது எது திறந்திருக்கிறது என்று பார்த்தால் இந்தப் பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அப்பா தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தக் கையால்தான் பள்ளிக்கூடப் பையைத் தூக்கினேன், தலையைச் சொறிந்தேன், பெஞ்சில் தாளம் போட்டேன். அதற்குள் இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்ததை இது ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை. மூடும்போது தெரியுமா, சொடுக்கு எடுக்கிற மாதிரி சத்தம் வருமா, நான் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது ஒன்று மூடியிருக்குமா? அதெல்லாம் போகட்டும், இடது கையை மட்டும் ஏன் எடுத்தார்கள், வலது கை பொய் சொல்லுமா? பொய் என்றதும் யோசனை ஓடிப்போய் அம்மாவிடம் இடித்துக்கொண்டு நிற்கிறது. அம்மா பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள். கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் பால் குடிக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரும்பு நாற்காலியில் நிறைய ஓட்டைகள், எழுந்தால் என் தொடையில் புள்ளிக்கோலம் விழுந்திருக்கும்.

காலையில் முட்டி இரண்டையும் சேர்த்து நில் என்றார் டாக்டர். அதைச் சொல்லவே வேண்டாம், என் முட்டிகள் எப்போதும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், பாதங்கள்தான் ஒன்றையொன்று பார்த்ததில்லை. இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் டேப்பை வைத்து அளந்தார். அந்த இடைவெளியில் எங்கள் வீட்டுப் பூனை தாராளமாகப் புகுந்து போகும், போயும் இருக்கிறது. வகுப்பில் எனக்குக் கத்திரி என்று பெயர். செண்பகவல்லி என்று அம்மன் பெயரை வைத்துவிட்டு, வீட்டில் வல்லி என்று சுருக்கி, வகுப்பில் கத்திரியாக முடிந்துவிட்டது. கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், அதைவிட எரிச்சல் பேண்ட் உள்பக்கம் முட்டியில் மட்டும் தேய்ந்து ஓட்டையாவது. அப்பா கோவில்பட்டி பைபாஸில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறார், அவர் என் பேண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது டயர் தேயுற மாதிரில்ல தேயுது என்று சிரித்தார். சிரித்தவர் போன மாதம் நான் மாடிப்படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை, மதுரையில் பிள்ளைகளின் எலும்புக்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறதாம் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். டாக்டர் ஒரு தாளில் தொடை எலும்பை வரைந்தார். முட்டிக்குச் சற்று மேலே குறுக்கே ஒரு கோடு. எலும்பு வளர்வது இந்தக் கோட்டில்தான் என்றார். உனக்கு உள்பக்கம் கொஞ்சம் அதிகமாக வளர்ந்துவிட்டது, அதனால் உள்பக்கத்தில் ஒரு சின்னத் தகடு வைத்து மேலே ஒன்று கீழே ஒன்று திருகு போட்டுவிடுவோம், உள்பக்கம் நிற்கும், வெளிப்பக்கம் வளர்ந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கால் தானே நேராகும், நேரானதும் தகட்டை எடுத்துவிட வேண்டும், எடுக்க மறந்தால் எதிர்ப்பக்கமாகக் கோணிக்கொள்ளும். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சுதந்திர தின அணிவகுப்பில் வரிசை திரும்பும்போது உள்ளே இருப்பவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவாள், வெளியே இருப்பவள் எட்டிப் போட்டு வருவாள், மொத்த வரிசையும் அழகாகத் திரும்பும். அதே வேலைதான். என் காலை டாக்டர் நிமிர்த்தப் போவதில்லை, என் காலே நிமிர்ந்துகொள்ளப் போகிறது. இவ்வளவு மரியாதையாக என் காலை யாரும் நடத்தியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்காமல், கோடு மூடிட்டா என்ன டாக்டர் செய்வீங்க என்று கேட்டேன். மூடிவிட்டால் தகடு வைத்துப் பிரயோஜனம் இல்லை, எலும்பை வெட்டித்தான் திருப்பி வைக்க வேண்டும், அது பெரிய ஆபரேஷன், மாதக்கணக்கில் கிடக்க வேண்டியிருக்கும் என்றார். வெட்டி என்ற சொல்லை அவர் தக்காளி வெட்டுவது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார், நான் தொடையைப் பொத்திக்கொண்டேன். பிறகு அம்மாவிடம் திரும்பி, பிள்ளை வயசுக்கு வந்து எவ்வளவு நாளாச்சும்மா என்று கேட்டார். அம்மா முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, போன ஆவணி என்றாள்.

ஆவணி இல்லை. ஆவணி இல்லை என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி, அதற்கு மறுநாள். மிச்சமிருந்த சங்குசக்கரத்தை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் போய்ச் சொன்னதும் அவள் முகத்தில் சந்தோஷம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. வேலாயுதம் மாமா மஸ்கட்டில் இருந்தார். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும், தட்டு எடுத்து சீர் கொண்டுவர வேண்டும். அவர் இல்லாமல் செய்தால் சரஸ்வதி அத்தையின் வாயை யார் மூடுவது. அத்தை அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறாள். எனக்குக் காது குத்தியபோதும் மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை, யாரோ ஒருவர் மடியில் உட்கார்த்தித்தான் குத்தினார்கள். பந்தியில் எல்லாரும் இருக்கும்போது, மாமன் மடி கூட இல்லாத பிள்ளை என்று அத்தை சொன்னாளாம். அம்மா அதை இன்னும் விழுங்கவில்லை, தொண்டையிலேயே வைத்திருக்கிறாள். அதனால் என்னைக் குளியலறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்த் தாழ் போட்டு, மாமா வரும்வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது, அப்பாவிடமும்தான், என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து சத்தியம் வாங்கினாள். மாமா பொங்கலுக்கு வருவதாக இருந்தது. பிறகு சித்திரை என்றார். கம்பெனியில் விடவில்லை என்றார். ஒவ்வொரு மாதமும் நானும் அம்மாவும் திருடர்கள் மாதிரி கண்ணாலேயே பேசிக்கொண்டோம். சிரிப்பாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது, எனக்கு நடந்த ஒன்று மஸ்கட்டில் யாரோ ஒரு மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் நடந்ததாக ஆகும் என்பது எந்த ஊர் நியாயம். கடைசியில் ஆவணியில் மாமாவுக்கு டிக்கெட் உறுதியானது, அதற்கு அடுத்த வாரம் நான் பெரியவளானேன். நன்றாகவே நடித்தேன். அத்தை வந்து, பயந்துட்டியாட்டி என்று கேட்டாள், பயந்த மாதிரி முழித்தேன். பச்சை முட்டையை வாயில் ஊற்றி அதன்மேல் நல்லெண்ணெயையும் ஊற்றினார்கள், அதற்கு மட்டும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. மாமா குடிசை கட்டும்போது அழுதார். காது குத்துக்கு வரலையேன்னு இத்தனை வருஷமா மனசுல இருந்துச்சும்மா என்று என்னிடம் சொல்லி நிஜமாகவே அழுதார். நான் ஓலைக்குள் உட்கார்ந்து, இவர் அழுகிற அழுகை எந்தத் தேதியில் சேரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது யோசித்ததோடு விட்டுவிட்டேன், இப்போது விட முடியவில்லை. ஊரை ஏமாற்றியாயிற்று, அத்தையை ஏமாற்றியாயிற்று, இந்த எலும்பு மட்டும் தீபாவளிக்கு மறுநாளிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு மாமனும் கிடையாது, சீரும் கிடையாது. வயசுக்கு வந்த பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம்தான் காலில் வளர்ச்சி இருக்கும், அதுவும் வரவரக் குறைந்துகொண்டே போகும் என்றார் டாக்டர். ஆவணி என்றால் இப்போதுதான் அரை வருஷம், நிறைய நேரம் இருக்கிறது, பரீட்சையை எழுதட்டும், மே மாத லீவில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அம்மா நிம்மதியாகத் தலையாட்டினாள். நான் மனசுக்குள் விரல் விட்டு எண்ணினேன். தீபாவளியிலிருந்து என்றால் ஒரு வருஷத்துக்கு மேலேயே ஓடிவிட்டது. மே மாதம் வரை போனால் என்ன மிச்சம் இருக்கும்? வெளிப்பக்கம் வளரவே இல்லையென்றால் உள்ளே தகடு எதைப் பிடித்துக்கொண்டு இருக்கும்? வரிசையே நின்றுவிட்ட பிறகு ஒருத்தி மட்டும் கால் மாற்றிக்கொண்டிருந்து என்ன ஆகப்போகிறது. கை சொல்லிவிடும் என்று ஒரு தைரியம் வருகிறது. உடனே டாக்டர் சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறது, கைப்படம் ஒரு வருஷம் முன்னே பின்னே காட்டும், அதனால்தான் தேதியையும் கேட்கிறேன் என்றார். அப்படியென்றால் கை உண்மையைச் சொன்னாலும் அம்மாவின் ஆவணி அதன் வாயைப் பொத்திவிடும். நான் சொல்லலாம். சொன்னால் அம்மாவின் தலை. சத்தியத்தை மீறினால் தலை வெடிக்கும் என்று நான் நம்பவில்லை, அறிவியலில் நான்தான் வகுப்பில் முதல். நம்பவில்லைதான், ஆனால் வெடிப்பதாக வைத்துக்கொண்டால் எந்தப் பக்கத்திலிருந்து வெடிக்கும் என்று ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் வகிடு நேராக இருக்கிறது. அதில் ஒரு நரை இருக்கிறது, நேற்று இருந்ததா? ஒரு அப்பா தோளில் சின்னப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார், இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு, அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, வெட்டித் திருப்பி வைத்திருப்பார்களோ. என் தொடை எலும்பு தாளில் வரைந்த மாதிரி கண்ணுக்குள் வருகிறது, அதன்மேல் கத்தியோ ரம்பமோ ஏதோ ஒன்று வருகிறது, எது என்று தெரியாததுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது. கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் முழங்கையைத் தொட்டேன்.

"அம்மா, ஆவணின்னு நீ சொன்னதாலதான் மே மாசம்னாங்க. உனக்குப் புரிஞ்சுதா?"

அம்மா நடைபாதைக் கோடிவரை பார்த்தாள். அப்பா டீ வாங்கப் போயிருந்தார், இன்னும் வரவில்லை.

"பத்து மாசத்துல என்ன கொறஞ்சிரப் போவுது," என்றாள் மெதுவாக. "பேசாம இரி."

அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. புரியாமல் சொன்னாள் என்றால் நான் எடுத்துச் சொல்லலாம், புரிந்தே சொன்னாள் என்றால் என்ன செய்வது. என் காலைவிட மாமாவின் குடிசை பெரிதா? அப்படி இருக்காது. நான் படியில் உட்கார்ந்த அன்று ராத்திரி முழுக்க முட்டியில் எண்ணெய் தேய்த்தவள் இவள்தான். ஆனால் அதே அம்மாதான் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆவணி என்றாள். ஒரு ஆளுக்குள் இரண்டும் ஒட்டிக்கொண்டே எப்படி இருக்கிறது, எந்தப் படம் எடுத்தால் அது தெரியும். அப்பா வந்துவிட்டார், காகிதக் கப்புகளை விளிம்பில் பிடித்து ஊதிக்கொண்டே வந்தார். எனக்குப் பால், அம்மாவுக்குச் சர்க்கரை கம்மி, எல்லாம் சரியாகச் சொல்லி வாங்கியிருந்தார். டீக்கடையில் பழக்கமான ஒரு சிவகாசிக்காரரிடம் என் கதை முழுவதையும் சொல்லிவிட்டாராம், போன ஆவணியில்தான் சடங்கு வைத்தோம், அதனால் இன்னும் டயம் இருக்கிறதாம் என்று. இத்தனை சந்தோஷமாக இருக்கிற மனுஷரிடம் எதைச் சொல்ல. பத்திரிகை கொடுக்க அவர் எட்டயபுரம், விளாத்திகுளம் என்று பைக்கில் அலைந்ததும், மண்டபத்து வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவரையும்தான் நாங்கள் ஏமாற்றினோம். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, பாலைக் குடித்தேன், நாக்கைச் சுட்டுக்கொண்டேன். செண்பகவல்லி யாரும்மா என்று சிஸ்டர் கதவைத் திறந்தார்.

உள்ளே வெளிச்சப் பலகையில் என் கை இருந்தது. நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. மணிக்கட்டில் கூழாங்கல் குவித்த மாதிரி எலும்புகள், விரல் ஒவ்வொன்றும் நீள நீளமாக. எனக்குள் இத்தனை ஒழுங்காக ஒன்று இருக்கிறது என்று பார்த்ததும் பயம் கொஞ்ச நேரம் வழிவிட்டு நின்றது. கிட்டே போய்ப் பார்த்தேன், விரல் நுனிகளில் இடைவெளி எங்கே என்று தேடினேன், தெரியவில்லை. மணிக்கட்டுக்கு மேலே மட்டும் மெல்லியதாக ஒரு கோடு, பென்சிலால் லேசாகக் கிழித்த மாதிரி. டாக்டர் பேனாவால் அதைத் தொட்டுக் காட்டி, படத்தைப் பார்த்தால் நீங்கள் சொன்னதைவிட எலும்புக்கு வயசு கூட இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார். ஆவணிதானே என்று இன்னொரு தடவை கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். ஆவணிதான், மச்சான் மஸ்கட்டிலிருந்து வந்து குடிசை கட்டினார், ஊரே சாப்பிட்டுவிட்டுப் போனது என்றார். டாக்டர் சிரித்துவிட்டுச் சரி என்றார். அந்தச் சரியில் எல்லாம் முடிந்துவிட்டது, மே மாதம் முடிவாகிவிட்டது. பலகையில் என் கை விரித்தபடியே கிடந்தது, அதன் பேச்சை யாரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"ஆவணி இல்ல டாக்டர். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. மறுநாள்."

முதலில் அம்மாவின் தலையைத்தான் பார்த்தேன். இருந்தது. அப்பா சிரித்தார், பிள்ளை பயத்தில் எதையோ மாற்றிச் சொல்கிறது என்று டாக்டரிடம் சொன்னார். அந்தச் சிரிப்பை அம்மா பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆமாம், பயந்துட்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமாவின் சீர், பிறந்த வீட்டு மானம், எல்லாம் பத்திரமாக இருந்திருக்கும். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன், அவள் சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"புள்ள சொல்றதுதான் சரி," என்றாள் அம்மா.

டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. கையோடு சேர்த்து எடுத்திருந்த காலின் படத்தைப் பலகையில் செருகி நிறைய நேரம் பார்த்தார், ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கோடு இன்னும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான் மிச்சம், மே மாதம் வரை விட்டால் அதுவும் பிரயோஜனப்படாது என்றார். இப்போதே வைத்தால்கூட முழுதும் நேராகும் என்று சொல்லமாட்டேன், பெரும்பகுதி நேராகலாம், அது பிள்ளையின் வளர்ச்சியைப் பொறுத்தது என்றார். நாளைக்கே செய்ய இடம் இருக்கிறது, இல்லையென்றால் அடுத்த வியாழக்கிழமை. நான் டாக்டர் சொன்னதைக் கேட்டேனா, அப்பாவைப் பார்த்தேனா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் இறங்காமல் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது.

"நான்தான கோமதி வீடு வீடாப் போயி பத்திரிகை வச்சேன்?"

"ஆமா," என்றாள் அம்மா.

மிச்சத்தை ஒருவேளை பஸ்ஸில் பேசுவார்கள், ஒருவேளை ரொம்ப நாள் பேசமாட்டார்கள், எனக்கு அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். நாளைக்கு அஷ்டமி டாக்டர், எங்க ஜோசியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு நல்ல நாளாப் பாத்துச் சொல்லிடுறோம் என்று எண்ணைத் தேட ஆரம்பித்தார். அம்மா கையை நீட்டி அந்தப் போனின் மேல் வைத்தாள். அப்பாவின் கையை அவள் வெளியிடத்தில் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"நாள் பாத்தது போதும். நாளைக்கே வைங்க டாக்டர்."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.